ஊதாத் துணிக்குப் பின்னால் ஒரு பல்லி

“குற்றவாளியின் கண்ணில் அவன் குற்றம் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவன் கொங்கு மண்டலத்திலேயே ஒருவன்தான்.”

உக்கடத்தில் ஒரு பழைய டயர் கடைக்கு மேலே, மாடியறையில் இயங்கிய பிராங்க் துப்பறியும் நிலையத்தின் சுவரில் இந்த வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அந்த ஒருவன் யார் என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்று கீழேயே பிராங்கின் கையொப்பமும் இருந்தது. ஆனால் தவக்காலம் பிறந்த வாரத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால் ஒடிந்துபோனது. அந்தப் பக்கம் ரப்பர் பேண்டைக் காதில் மாட்டிக்கொண்டு, உலகத்தின் கண்களைச் சற்றுச் சாய்வாகவே அவர் படித்துவந்தார்.

படிப்பதற்கும் அதிகம் இருக்காது. நிலையத்துக்கு வருபவை பெரும்பாலும் கல்யாண விசாரணைகள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொல்லிக்கொண்ட தோப்பில் தென்னை நிஜமாகவே நிற்கிறதா, பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் முறிந்ததா. வெயிலில் அலைந்து விசாரிப்பவள் உதவியாளர் புவனா. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் பிராங்க்.

ஆகவே ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலையில் போத்தனூர்ப் பங்குத்தந்தை பிரகாசம் போன் செய்து, “கோவில்ல முந்நூறு வருஷத்துப் படத்தைக் காணோம், உடனே வா” என்றபோது பிராங்க் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். அது அவருடைய சொந்தப் பங்கு, ஞாயிறுதோறும் அவர் பூசைக்குப் போகும் கோவில். புவனாவை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

“கடைசியா ஒரு நிஜமான கேஸ், புவனா.”

“ஆமாங்க சார். இதுல யாருக்கும் கல்யாணம் நிக்காது.”

அதில்தான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள்.

*

படம் இருந்த இடம் கோவிலின் பக்க நடை. அதன் கோடியில், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்தது. நடைச்சுவர் நெடுகப் புனிதர்களின் படங்கள். இரண்டு வாரங்களுக்கு முன் வழக்கப்படி அவற்றை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். தவக்காலத்தின் கடைசிப் பகுதியில் மூடினால் ஈஸ்டர் என்னும் உயிர்ப்புத் திருநாளுக்குத்தான் திறப்பது.

காணாமல்போனது புனித ஜெரோம். பரோக் பாணி ஓவியங்களின் காலத்தில் யாரோ ஒரு ஐரோப்பியக் கலைஞன் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கிக் காகிதத்தில் அச்சிட்ட படம். குகை வாசலில் ஒரு கிழவர் முழந்தாளிட்டுச் செபிக்கிறார். இடுப்பில் ஒரு துணி, நெஞ்சுவரை தாடி, எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள். இடது கையில் சிறு சிலுவை. வலது கையில் ஒரு கல். அதனால் தன் மார்பில் தானே அடித்துக்கொள்கிறார். காலடியில் மண்டையோடு, பக்கத்தில் சோறு வைத்தவனைப் பார்க்கும் நாய்போல ஒரு சிங்கம், மரக்கிளையில் ஒரு அகன்ற தொப்பி. மேலே மேகம் கிழிந்து வெளிச்சம் கொட்டுகிறது.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் இந்தப் படத்துக்கு முன்னால் வரும்போது தானாக முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். சாமியாரிடம் சொல்ல வேண்டியதை ஜெரோமிடம் ஒரு முறை ஒத்திகை பார்ப்பது அந்தப் பங்கின் பழக்கம். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும்.

“கொங்கு நாட்டிலேயே இந்த மாதிரிப் படம் இது ஒண்ணுதான்” என்றார் தந்தை பிரகாசம். படத்தின் கீழ் வரியில் லத்தீன் வாசகம் ஒன்று உண்டு. குருமடத்தில் லத்தீன் படித்த தந்தை பிரகாசம் அதைப் பலருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குச் சொன்னதாக இருந்ததில்லை. “ஆயர்கிட்ட, அதான் பிஷப்புகிட்ட, ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன். நாளைக்கு உயிர்ப்புத் திருப்பலிக்கு வர்றதே படத்தைப் பார்க்கத்தான். சும்மா ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாம்னு காலையில துணியைத் தூக்கினேன்.”

அவர் மறுபடி தூக்கிக் காட்டினார். துணிக்குப் பின்னால் இரண்டு ஆணிகளும் ஒரு பல்லியும் இருந்தன.

புவனா பல்லியைக் கவனமாகப் பார்த்தாள். “அப்ப ரெண்டு வாரமா எல்லாரும் இதுகிட்டயா ஒத்திகை பார்த்தாங்க, ஃபாதர்? பரவால்லீங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இது பதிலாவது சொல்லியிருக்கும்.”

“புவனா!” என்றார் பிராங்க்.

“பல்லி சொன்னா பலன் உண்டுங்க சார். காலண்டர்லயே போட்டிருக்கும்.”

தந்தை பிரகாசம் அங்கியின் பையைத் தட்டினார். “போலீசுக்குப் புகார் தயாரா எழுதி வெச்சிருக்கேன். சாயங்காலம் மணியடிக்கிறதுக்குள்ள படம் வரலைன்னா ஸ்டேஷனுக்குப் போறேன். பேரும் போட்டாச்சு.”

“யார் பேரு?”

தந்தை நடையின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே கோவில் பிள்ளை கிளமென்ட் நின்றிருந்தார். மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர். சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியது. அன்று அதை ஒரு கையால் மூடிப் பிடித்திருந்தார்.

“மூடினது இவர். சாவி இவர்கிட்ட. வேற யார்?” என்றார் தந்தை.

பிராங்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளமென்டை நெருங்கினார். முகத்தைத் தூக்கி அவர் கண்ணுக்குள் பார்த்தார். கிளமென்ட் அதற்கே உடைந்துவிட்டார்.

“மெழுகுவத்தி மிச்சத்தை ஊட்டுக்குக் கொண்டுபோறேனுங்க சார். கரன்ட் போறப்ப ஏத்தறதுக்கு. அதைத் தவிர ஒரு துரும்பைத் தொட்டதில்லீங்க.”

“இந்தப் படத்தைத் துணி போட்டு மூடினது நீங்கதானே?”

கிளமென்ட் தரையைப் பார்த்தார். “எட்டுப் படமுங்க. எட்டுத் துணி. எல்லாத்தையும் மூடிப்போட்டேனுங்க.”

“பாத்தியா, கண்ணு பேசுது” என்றார் பிராங்க் புவனாவிடம்.

“அவரு கீழ பாக்கறாருங்க சார். உங்களுக்குத் தெரியறது இமை.”

கிளமென்ட் குரலைத் தாழ்த்தினார். “அம்மணி, என்ற பொண்ணு கிளாடிஸுக்கு வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில வேலை பாக்கற பையனைப் பேசி வெச்சிருக்குதுங்க. மாப்பிள்ளை ஊட்டுல விசாரிச்சிட்டு இருக்காங்க. போலீஸ்ல பேரு போச்சுன்னா…”

முடிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட விசாரணைகளை எழுதியே வயிறு வளர்ப்பவர்கள் இருவர் எதிரே நின்றார்கள். ‘பெண்ணின் தகப்பனார் மீது கோவில் திருட்டுப் புகார் உள்ளது’ என்ற வரி எப்படி இருக்கும் என்று புவனாவுக்கு நன்றாகத் தெரியும். அதற்குக் கீழே எந்த மாப்பிள்ளை வீடும் படிப்பதில்லை. எத்தனை வீடுகளில் அப்படி ஒரு வரியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறோம் என்று நினைத்தவுடன் அவளுக்கு நெஞ்சில் எதுவோ இடித்தது. படம் இருந்த வெற்றுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்லால் அடித்துக்கொண்ட கிழவர் போகும்போது கல்லை விட்டுவிட்டுப் போயிருப்பாரோ.

*

பிராங்க் சுவரைத் தட்டினார், ஆணியை முகர்ந்தார், தரையில் குனிந்து தேடி ஒரு பாக்குத்தூள் பாக்கெட்டைக் கண்டெடுத்தார். அது தந்தையின் அங்கியிலிருந்து விழுந்தது என்பது தெரிந்ததும் இரு தரப்பும் அதை மறந்துவிடச் சம்மதித்தன.

புவனா ஊதாத் துணியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“சார், இங்க பாருங்க. முனையில மஞ்சள்.”

“அழுக்கா இருக்கும். துணியை விடு.”

“அழுக்கு இல்லீங்க. மஞ்சள் தடவியிருக்குது. புதுத்துணி குடுக்கறப்ப முனையில தொட்டு வெப்பாங்களே, அது. உங்க சனம் அப்படி வெக்காதில்லீங்களா? பக்கத்துப் படத்துல மூடியிருக்கறதுல இல்ல, பாருங்க. இது மட்டும் எங்க சனத்து ஊட்டுல இருந்து வந்துருக்குது. தாம்பூலத்தோட வெச்சுக் குடுக்கற ரவிக்கைத் துணி.”

பிராங்க் ரப்பர் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டார். அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. சித்திரை வெயில் இன்னும் வராத காலை நேரம் அது.

“ஊதாத் துணி ஊருல ஆயிரம் இருக்கும், புவனா. துணி ஒரு துப்பே இல்லை. நாம கைரேகை பார்ப்போம்.”

“பவுடர் இருக்குதுங்களா?”

“ஆபீஸ்ல இருக்கு.”

“அது உங்க முகத்துக்குப் போடறது.” அவள் மறு முனையையும் திருப்பினாள். “ஒண்ணு இல்லீங்க சார், ரெண்டு மஞ்சள். ஒண்ணு வெளுத்துப்போச்சு, ஒண்ணு புதுசு. ரெண்டு ஊடு ஏறி இறங்கியிருக்குது. ரவிக்கைத் துணின்னா அப்படித்தானுங்களே. இந்த ஊருல அதைத் தைச்சவங்க யாரும் கிடையாது. கொடுத்தவங்களுக்கே திரும்பிப் போகாம இருந்தாச் சரி. ஆனா ஒண்ணுதான் இடிக்குது.”

“என்ன?”

“நீளம். ரவிக்கைத் துணின்னா கையை வெச்சா உடம்புக்குப் பத்தாது. இது முழுசா ஒரு மீட்டர். இவ்வளவு தாராளமா யாருங்க குடுப்பாங்க?”

பிராங்க் இருமினார். நெடுநேரம் இருமினார்.

*

கோவில் வாசலில் பங்காரம்மா மெழுகுவத்தியும் மல்லிகையும் விற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே எந்தச் சாமி இருந்தாலும் வாசலில் பூ வேண்டும் என்பது அவள் கொள்கை. செவ்வாய்க்கிழமைகளில் இந்தக் கோவிலுக்கு வேண்டுதலோடு வரும் இந்துப் பெண்கள் எல்லோரும் அவளுக்குப் பழக்கம். பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று குங்குமமும் பூவும் ரவிக்கைத் துணியும் கொடுப்பாள்.

புவனா துணியை விரித்ததும் பங்காரம்மாவின் கை பூச்சரத்தின் மேல் நின்றுவிட்டது.

“ஏனக்கா, இது நீங்க யாருக்குக் குடுத்தது?”

“அது… கடையில வாங்குனதுதான் கண்ணு. புத்தம் புதுசு.”

“ரெண்டு மஞ்சள் இருக்குதுங்களே.”

பங்காரம்மாவின் முகம் சுருங்கியது. போலீஸ் வந்து கேட்டிருந்தால்கூட அவள் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள். “எல்லாரும் செய்யறதுதானே அம்மணி. பழைய மஞ்சள் மேலயே வெச்சிருக்கோணும், மறந்துபோட்டேன். வாங்கிட்டுப் போனவிய பெரிய எடம். குமாரசாமிக் கவுண்டர் சம்சாரம் நஞ்சம்மா. கார்ல வந்து இறங்கறவிய. அவியளுக்குப் போயி, எனக்கு வந்ததையே எடுத்துக் குடுத்தேன்னு தெரிஞ்சா எனக்கு மானம் போயிரும். சொல்லிப்போடாதீங்க.”

“எப்பக்கா குடுத்தீங்க?”

“படத்தையெல்லாம் மூடுனாங்களே, அதுக்கு அடுத்த செவ்வாக்கெழமை. குடுத்ததுக்கப்பறம் மறுக்கா உள்ள போனாங்க. திரும்பி வாரப்ப கட்டைப்பை கனமா இருந்துச்சு. நான் பூசணிக்காயோன்னு நெனச்சேன்.”

பிராங்க் உயிர்பெற்றார். “பார்த்தியா! கிடைச்சுட்டா!”

“இருங்க சார். அக்கா, உங்களுக்கு இந்தத் துணியைக் குடுத்தது யாரு?”

“அது வந்து கண்ணு, மாசிக் கடைசியில சாய்ப்ரியாங்கற பொண்ணோட புது ஊட்டுல பால் காய்ச்சுனாங்க. பூ கட்டிக் குடுக்கப் போனேன். அங்க…”

“நேரமாச்சு, புவனா!” பிராங்க் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேவிட்டார். “துப்பறியறதுன்னா முன்னால போறது. பின்னால போனா அது சரித்திரம்.”

*

செட்டிபாளையம் ரோட்டில் குமாரசாமியின் வீடு ஒரு கல்யாண மண்டபத்தை விழுங்கிவிட்டுச் செரிக்காமல் நின்றது. வாசலில் அவருடைய கம்பெனி மோட்டார் பம்ப் ஒன்று வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பீடத்தின்மேல் நின்றது. அதற்கும் மாலை உண்டு. முகப்பு முழுவதும் பாட்டிலிலும் பானையிலும் மணிபிளான்ட் கொடிகள் கூரைவரை ஏறியிருந்தன.

“துப்பறியறவருங்களா?” குமாரசாமி பிராங்கின் விசிட்டிங் கார்டைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். கேட்கப்படாத கேள்விக்கு அவரிடமும் பதில் தயாராக இருந்தது. “பில்லெல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்குதுங்க. போன வருசம் நடந்தது அவன் பண்ணுன தப்பு.”

“அதுக்கு வரலீங்க ஐயா. சாமி கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தோம்” என்றாள் புவனா.

குமாரசாமியின் நெஞ்சு நிமிர்ந்தது. பூஜை அறைக் கதவைத் தானே திறந்தார்.

முருகனுக்கும் குலதெய்வத்துக்கும் நடுவே, சந்தன மாலை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதிப் பட்டையோடு புனித ஜெரோம் மார்பில் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார். மாலை விழுந்த இடத்தில் சிலுவை மறைந்திருந்தது.

“குகைச் சித்தருங்க” என்றார் குமாரசாமி. “எங்க பாட்டனாருக்கு உபதேசம் பண்ணுன மகான். வால்பாறைக் காட்டுல தவம். அந்தப் புலியைப் பாருங்க, எப்படி அடங்கிக் கெடக்குது.”

“புலிக்குப் பிடரி இருக்குதுங்களே.”

“அந்தக் காலத்துப் புலிங்க.”

“அந்தத் தொப்பி?”

“வெயிலுக்குங்க. கீழ இருக்கறது வட்டெழுத்து. ஒரு புரொபசரைக் கூட்டியாந்து படிக்கச் சொல்லோணும். மேல கதிர் விழுகுது பாருங்க, புது மாடல் பம்புக்கு அதுதான் சின்னம். பேரும் வெச்சாச்சு. சித்தர் சப்மெர்சிபிள்.”

பிராங்க் வாயைத் திறந்தார். புவனா அவர் காலை மிதித்தாள். வாசற்படியில், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நஞ்சம்மாள் நின்றிருந்தாள்.

“தாகத்துக்கு ஏதாச்சும் கொண்டாறேன், வாங்க கண்ணு” என்று நஞ்சம்மாள் புவனாவின் கையைப் பிடித்தாள்.  பிராங்கும் கூடவே போனார்.

சமையலறையில் நின்று புவனா நேரடியாக எதையும் கேட்கவில்லை.

“மணிபிளான்ட் அருமையா வந்திருக்குதுங்க அம்மா. எந்த நர்சரியில வாங்குனீங்க?”

“வாங்குனா வருமா அம்மணி?” நஞ்சம்மாள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். “தெரியாம ஒடிச்சாந்து வெச்சாத்தான்…”

பாதியில் நிறுத்தினாள்.

“பிள்ளையாரும் அப்படித்தானுங்களே” என்றாள் புவனா மெதுவாக. “திருடியாந்து வெச்சாத்தான் சக்தி எச்சு.”

நஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிராங்குக்குப் புரியவில்லை. அவர் பங்கில் சாமியைத் திருடினால் அது பாவம். அதில் வேறு பலன் எதுவும் சொல்லித்தரப்படவில்லை. “என் வீட்டு மணிபிளான்ட்லயும் ஒரு கொடி காணாமப் போச்சே” என்றார் சம்பந்தமில்லாமல். புவனா கூரையைப் பார்த்தாள்.

“என்ற பையன் சரவணனுக்கு வயசு ஏறிப்போச்சுங்க” என்றாள் நஞ்சம்மாள். “சொத்து இருக்குது, படிப்பு இருக்குது, பொண்ணுதான் இல்ல. போவாத கோயில் இல்ல. இந்தச் சாமி முன்னால நின்னு செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை அழுவேன். அன்னைக்குப் போனா, மத்த சாமியையெல்லாம் துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. இவரு ஒருத்தரு மட்டும் மேல துண்டு கூட இல்லாம, மூடறதுக்கு நாதியத்து நிக்கறாரு. வேண்டாத சாமியாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். நாமளாவது வெச்சுப் பாத்துக்கலாம்னு மனசு சொல்லிப்போடுச்சு.”

புவனா நிமிர்ந்தாள். “மூடாம இருந்ததா? அந்தப் படத்து மேல துணியே இல்லீங்களா?”

“இல்லவே இல்ல கண்ணு. எடுத்ததுக்கப்பறம் ரெண்டு ஆணி பல்லிளிச்சுது. பைக்குள்ள பங்காரம்மா குடுத்த துணி இருந்துச்சு. மத்ததெல்லாம் ஊதா, இதும் ஊதா. மாட்டிப்போட்டு வந்துட்டேன்.”

பிராங்க் தண்ணீர்ச் சொம்பை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார்.

“ஊட்டுக்கு வந்தப்பறம்தான் ஆரம்பிச்சுது. போன வெள்ளிக்கெழமை பொண்ணு ஊட்டுல சரின்னு சொல்லிப்போட்டாங்க. சந்தோசப்படோணும். ஆனா வெளக்கேத்தறப்பல்லாம் அவரு அந்தக் கல்லால அடிக்கறாரு பாருங்க, அது என்ற நெஞ்சுல விழுகுது. திருப்பிக் குடுத்தா நிச்சயம் போயிருமோன்னு பயம். வெச்சிருந்தா வெசனம். சோறு எறங்கறதில்ல.”

“அங்க இன்னொருத்தருக்கும் எறங்கலீங்க அம்மா.” புவனா கிளமென்டைப் பற்றிச் சொன்னாள். கிளாடிஸைப் பற்றியும் சொன்னாள். “உங்க பையனுக்குப் பொண்ணு கெடைச்ச சாமியால அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளை போயிரக்கூடாதுங்களே.”

நஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “எடுத்துட்டுப் போங்க. ஆனா அவருகிட்ட என்ன சொல்றது? நான் ஒரு சாமியாரு குடுத்தாருன்னுதான் சொன்னேன். பாட்டனாரு கதையெல்லாம் அவரே சேத்தது.”

அந்தப் பொறுப்பை புவனா எடுத்துக்கொண்டாள். பூஜை அறைக்குப் போய்க் குமாரசாமியின் முன் கைகட்டி நின்றாள்.

“ஐயாவுக்குத் தெரியாததில்ல. சித்தருங்க ஒரே ஊட்டுல எச்சா நாள் தங்க மாட்டாங்க. தங்குனா அந்த ஊட்டு ஆம்பளைக்கும் அதே வழிதானுங்க. தொழில்ல பற்று போயிரும். பம்பு, பங்களா எல்லாத்தையும் உதறிப்போட்டு மலையேறிடுவாங்க.”

குமாரசாமி படத்தைப் பார்த்தார். இடுப்புத் துணியைப் பார்த்தார். விலா எலும்புகளை மேலிருந்து கீழே பார்த்தார்.

“அது தெரிஞ்சதுதானுங்களே” என்றார். “நானே இன்னைக்கு அனுப்பி வெக்கலாம்னு இருந்தேன். டிரைவர்! பெரிய வண்டியை எடு.”

*

பெரிய வண்டியின் பின் சீட்டில் பிராங்கும் புவனாவும் உட்கார, நடுவில் புனித ஜெரோம் மாலையோடு உட்கார்ந்து வந்தார். ஸ்கூட்டரை நாளை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. புவனா மாலையைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் கண்ணாடி மேலிருந்த விபூதியைத் துடைத்தாள். சிலுவை வெளியே வந்தது.

“அருமையான கேஸ்” என்றார் பிராங்க் ஜன்னல் பக்கம் திரும்பி. “முடிஞ்சுது.”

“சார், கிளமென்ட் அண்ணன் எட்டுத் துணியும் போட்டேன்னாரு. நஞ்சம்மா, இந்தப் படத்துல துணி இல்லேங்கறாங்க. ஒருத்தரு பொய் சொல்லியிருக்கோணும்.”

“வயசானவர். மறந்திருப்பார்.”

“இந்தத் தவக்காலத்துத் துணி உபயம் நீங்கதானுங்களே? பீடத்துல நின்னு ஃபாதர் உங்க பேரைப் படிச்சாருன்னு ஒரு வாரம் ஆபீஸ்ல சொல்லிட்டிருந்தீங்க.”

“எட்டும் ஒரு மீட்டர். நல்ல துணி” என்றார் பிராங்க் தன்னை மறந்து. பிறகு ரப்பர் பேண்டைத் தொட்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. நீளமான சரக்கு ரயில்.

“மாசிக் கடைசியில சாய்ப்ரியா ஊட்டுப் புதுமனைக்கு நாம ரெண்டு பேரும்தான் போனோம். அவங்க கல்யாணத்துக்கு நாம விசாரிச்சுக் குடுத்ததுக்காகக் கூப்பிட்டாங்க. நீங்க ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தீங்க.”

“ஆமா. நல்ல கடிகாரம்.”

“அதை எதுல சுத்திக் குடுத்தீங்க சார்?”

சரக்கு ரயிலின் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தன. பிராங்க் ஒவ்வொன்றையும் பார்த்தார்.

“கலர் பேப்பர் வாங்க மறந்துட்டேன்” என்றார் கடைசியில், சன்னமாக. “பையில துணிக்கட்டு இருந்தது. அப்பறம் ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம்னு நெனச்சேன். மிச்சத்தை அப்படியே கோவில்ல குடுத்துட்டேன். யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்கன்னு…”

“சாய்ப்ரியா அதை ரவிக்கைத் துணியாக்கி மஞ்சள் தொட்டு பங்காரம்மாவுக்குக் குடுத்திருக்குது. அவங்க நஞ்சம்மாவுக்கு. கடைசில அது போக வேண்டிய ஆணிக்கே போயிடுச்சுங்க சார். சாமியைத்தான் காணோம்.”

பிராங்க் பக்கத்தில் திரும்பினார். மிக அருகில் ஜெரோமின் முகம் இருந்தது. அவர் சட்டென்று மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

“ஃபாதர்கிட்ட நானே சொல்லிடறேன், புவனா. எல்லார் முன்னாலயும். ஒரு ஆம்பளையாட்டம்.”

“சொல்லுங்க சார்” என்றாள் அவள். அவளுக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

*

கோவில் வாசலில், நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்கள் கூடியிருந்தார்கள். படம் இறங்கியதும் தந்தை பிரகாசம் புகார்த் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். ஒரு பக்தை அறியாமையால் எடுத்துச் சென்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்று பிராங்க் சொன்ன அளவோடு அவர் திருப்தியடைந்தார். ஆயர் வருவதற்குள் படம் ஆணிக்குப் போனால் போதும். எல்லோரும் பிராங்கின் கையைக் குலுக்கினார்கள். யாரோ அவரைப் போட்டோ எடுத்தார்கள்.

புவனா அவர் முழங்கையைத் தொட்டாள். பிராங்க் தலையசைத்தார், தொண்டையைச் செருமினார், ஓர் அடி முன்னால் வைத்தார்.

அதற்குள் கிளமென்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“சார், என்னயக் காப்பாத்திப்போட்டீங்க. ஆனா ஒண்ணு சொல்லோணும். மனசு கெடந்து அடிக்குது. நீங்க எட்டுத் துணி குடுத்தீங்க. பீடத்துல ஃபாதரே படிச்சாரு. மூடறப்பப் பாத்தா ஏழுதான் இருக்குது. அலமாரி, பீரோ, எங்க ஊடு எல்லாம் தேடிப் பாத்துட்டேன். நான்தான் எங்கயோ தொலைச்சுப்போட்டேனுங்க. கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்து, இந்தப் படத்தை மட்டும் மூடாம விட்டுட்டேன். அப்பறம் பாத்தா அதுலயும் துணி தொங்குது. வானத்துல இருந்து சம்மனசுதான் இறங்கி வந்து மூடிட்டுப் போச்சுன்னு நெனச்சுப்போட்டேன். தப்பு என்ற மேலதான். மன்னிச்சிருங்க சார்.”

எல்லோரும் பிராங்கைப் பார்த்தார்கள். தந்தை பிரகாசமும் பார்த்தார். பேரவைத் தலைவரின் போன் இன்னும் பிராங்கின் முகத்துக்கு நேராக இருந்தது.

பிராங்கின் உதடுகள் அசைந்தன. கண் ஒரு கணம் புவனாவிடம் வந்தது. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த வாசகம் பொய்யில்லை, எல்லாம் அந்தக் கண்ணில் எழுதித்தான் இருந்தது.

“பரவாயில்லை, கிளமென்ட்” என்றார் அவர். “மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். நான் மன்னிச்சுட்டேன்.”

கிளமென்ட் அழுதார். கூட்டம் உருகியது.

பிறகு, துணிகளை மடித்து அலமாரியில் வைக்கும் சாக்கில் புவனா கிளமென்டோடு உள்ளே போனாள். மஞ்சள் தொட்ட துணியை அவர் கையில் கொடுத்து, அது போன வழியை ஒன்றுவிடாமல் சொன்னாள். கிளமென்ட் கேட்டுக்கொண்டே மடித்தார். முடித்ததும் எட்டையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். “கிளாடிஸ் கல்யாணத்துக்கு சாருக்கு முதல் பத்திரிகை வெக்கோணும், அம்மணி” என்றார். சொன்னபோது அவர் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு சிரிப்பு வந்திருந்தது. “கடிகாரம் குடுப்பாரல்லோ?”

மறுநாள் உயிர்ப்புத் திருப்பலிக்கு ஆயர் வந்தார், படத்தைப் பார்த்தார், லத்தீன் வாசகத்துக்குத் தந்தை பிரகாசம் சொன்ன புதிய பொருளைக் கேட்டுத் தலையசைத்தார். முடிவில் நன்றி சொல்லும்போது, தவக்காலத்துக்கு எட்டுத் துணிகளையும் உபயமாக அளித்த துப்பறியும் நிபுணர் பிராங்க் அவர்களைச் சபை முன் எழுந்து நிற்கும்படி தந்தை கேட்டுக்கொண்டார். பிராங்க் எழுந்து நின்று கைகூப்பினார்.

அவர் கொடுத்தது ஏழு.